பாட்டு தொடங்கியதும் கிளாவே தாளம் புரண்டுவிடுகிறது, உதவி வேண்டும்

பிங்க் மார்ட்டினி என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'அமாடோ மியோ' பாட்டை எங்கள் சின்னக் குழுவில் பழகுகிறோம், 1997-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'சிம்பதீக்'கில் இருக்கும் பதிவைக் கேட்டு. 1946 ஹாலிவுட் படப் பாட்டை இவ்வளவு உயிரோடு மீட்டெடுத்திருக்கிறார்கள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

நாங்களும் அவர்கள் ஊரான போர்ட்லாந்துதான். கீபோர்டு யமஹா பி-45. போன மாதத்திலிருந்து இதே சிக்கல்: முன்னிசை சரியாகப் போகிறது, பாடகி நுழைந்த கொஞ்ச நேரத்தில் என் வலது கை மான்டூனோவும் (திரும்பத் திரும்ப வரும் லத்தீன் பியானோ வடிவம்) காங்கா மேளமும் பிரிந்துவிடுகின்றன, 2-3 கிளாவே (ஒரு பாரில், அதாவது ஒரு தாளச் சுற்றில், 2 அடி, அடுத்த பாரில் 3 அடி) 3-2 மாதிரி கேட்கிறது. மெட்ரோனோமில் வேகம் குறைத்துப் பார்த்தாச்சு, இடது கையைத் தனியாக வாசித்தாச்சு, அப்புறம் கிளாவேயை வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தால் கையே நின்றுவிடுகிறது.

லத்தீன் பியானோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: பாட்டின் ஒரு பகுதி ஒற்றைப்படை பார்களில் முடிந்தால் மான்டூனோவைத் திருப்பி வாசிக்க வேண்டுமா, அப்படியே தொடர வேண்டுமா?