மலையேறும்போது ஸ்பீக்கரில் கூவல்: எர்த்தா, வயரா, ஃபில்டரா?

ஒண்டிக்கடை வண்டிக்காரன்:
வணக்கம். பழைய டீசல் கார். சேலத்தில் ஒரு கடையில் 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைத்தேன். இரண்டு சேனல் முன் கதவு ஸ்பீக்கருக்கு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாகச் சேர்த்து) 12 இஞ்ச் சப் ஊஃபருக்கு. ஆம்ப் டிக்கியில் இருக்கிறது.

அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏற ஆரம்பித்ததும் ஸ்பீக்கரில் 'உய்ய்ங்' என்று ஒரு கூவல். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் போட்டு மிதித்தால் கூவலும் கூடவே ஏறுகிறது. இருபது வளைவும் இதே கச்சேரிதான். பாட்டை நிறுத்தினாலும் நிற்கவில்லை, வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது.

இன்னொரு தொல்லை: கொஞ்சம் சத்தமாக வைத்தால் ஆம்ப்பில் புரொடெக்ட் லைட் (தன்னைக் காத்துக்கொள்ள நிற்கும்போது எரிவது) எரிந்து எல்லாம் நின்றுவிடுகிறது.

கடைக்காரர் ஹெட் யூனிட்டை (டாஷ்போர்டில் இருக்கும் பாட்டு செட்டை) மாற்றச் சொல்கிறார். மாமா பையன் ஃபில்டர் போட்டால் போதும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:
தம்பி, உன் மாமா பையன் சொன்னதுதான் சரி. செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற ஃபில்டர் ஒன்று மாட்டு. சில நூறு ரூபாய்தான், பத்து நிமிஷ வேலை. அப்படியே பவர் வயரையும் தடியாக மாற்றிவிடு. ஒல்லி வயர் போட்டால் எல்லா நோவும் வரும்.

மல்டிமீட்டர் 636:
அண்ணே, ஒல்லி வயரால் கூவல் வராது, வோல்டேஜ்தான் விழும். கணக்குப் போட்டே பார்க்கலாம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர். 8 சதுர மில்லி செம்பு வயரில் 40 ஆம்பியர் ஓடினால் விழுவது அரை வோல்ட்டுக்கும் கீழே. அதே தடிமனில் செம்புப் பூச்சு அலுமினிய வயர் என்றால் முக்கால் வோல்ட்டை நெருங்கும். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கும், அவ்வளவுதான்.

கூவல் வேறு கதை. வண்டித் தகடு முழுக்க ஒரே எர்த் (பேட்டரி மைனஸ் சேரும் இடம்) என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கரண்ட் அதே தகடு வழியாகத்தான் திரும்புகிறது. அதனால் டாஷ்போர்டு எர்த்துக்கும் டிக்கி எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். ஆர்சிஏ கேபிளின் வெளி உறை அந்த இரண்டு இடத்தையும் சேர்த்துக் கட்டுகிறது, இதுதான் கிரவுண்ட் லூப். அந்த வித்தியாசத்தையும் பாட்டு என்று நினைத்து ஆம்ப் பெரிதாக்குகிறது. இன்ஜின் வேகம் ஏற ஏற அது மேல் சுருதிக்குப் போகிறது.

வால்யூமைக் குறைத்தும் குறையவில்லை என்றீர்களே, அதுதான் முக்கியமான தகவல். சத்தம் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு அப்புறம் எங்கேயோ நுழைகிறது. ஹெட் யூனிட்டை மாற்றச் சொல்லும் முன் அந்தக் கடைக்காரர் இதை யோசித்திருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:
பாடம் நல்லா இருக்கு சார். கடையில் ஒரு வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி பண்ணினால் அடுத்த வண்டி கிளம்பிப் போய்விடும். ஐசொலேட்டர் போட்டால் கூவல் நிற்குமா நிற்காதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் 636:
நிற்கும். ஆனால் உள்ளே இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர். மலிவானதில் கோர் சின்னது. கீழ் பேஸ் மெலிந்துவிடும். 12 இஞ்ச் சப் வாங்கியவருக்கு அதைப் போய் மாட்டலாமா?

அதைவிடப் பெரிய விஷயம், ஆம்ப்பின் எர்த் கெட்டிருந்தால் அப்படியே மறைந்துகிடக்கும். ஒருநாள் அது முழுசாகக் கழன்றால் ஆம்ப் கரண்ட் வேறு வழி தேடும். ஐசொலேட்டர் இல்லாத வண்டியில் அந்த வழி ஆர்சிஏ உறைதான். ஹெட் யூனிட்டுக்குள் அதற்கு இருப்பது மயிரிழை மாதிரி ஒரு செம்புக் கோடு, அது எரிந்துபோகும்.

செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:
அந்தக் கோடு ஏற்கனவே எரிந்த செட் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கு. அதில் எர்த்தை எவ்வளவு சுரண்டினாலும் கூவல் போகாது. ஆர்சிஏ வெளி வளையத்திலிருந்து செட்டின் உடம்புக்கு ஒரு வயர் கட்டணும், இல்லை ஐசொலேட்டர் போடணும். இதை மீட்டர் சொல்லுமா?

மல்டிமீட்டர் 636:
சொல்லும் அண்ணே. செட்டைக் கழற்றி, வெளி வளையத்துக்கும் உடம்புக்கும் ஓம் பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருந்தால் கோடு நலம். ரீடிங் காட்டவே இல்லை என்றால் நீங்கள் சொன்ன கேஸ். அதில் உங்கள் வைத்தியம் எனக்கும் சம்மதம்தான். பார்க்காமலே மாத்திரை கொடுப்பதுதான் ஆகாது.

எஸ்டேட் ஜீப்:
இரண்டு பேரும் ஆல்டர்னேட்டரை விட்டுவிட்டீர்கள். அதனுள்ளே ஏசியை டிசியாக்கும் டயோடு போயிருந்தால் எந்த எர்த்தும் காப்பாற்றாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் முதலில் அதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, வண்டி ஏற்காட்டிலேயே நிற்கிறதா? பனியும் ஈரமும் டிக்கிக்குள் இறங்கி எர்த் ஸ்குரூவைத் துரு தின்றுவிடும். எங்கள் ஜீப்பில் வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தே ஆகவேண்டும்.

மல்டிமீட்டர் 636:
நல்ல பாயிண்ட், முதலில் அதையே பார்க்கட்டும். வண்டிக்காரரே, வரிசையாகச் செய்யுங்கள். ஆம்ப்பை அணைத்து ஆர்சிஏ இரண்டையும் பிடுங்கி, ஆம்ப்பை மட்டும் மறுபடி போட்டுக் கேளுங்கள். அமைதியாக இருந்தால் ஆம்ப் குற்றவாளி இல்லை. பிறகு சார்ஜர் மாட்டாத போனை ஆம்ப்போடு நேராக இணையுங்கள். போனுக்கு வண்டி எர்த் கிடையாது, அதனால் லூப்பும் கிடையாது. கடைசியாக மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, ஹெட் யூனிட் உடம்புக்கும் ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பாருங்கள். இன்ஜின், ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓடவேண்டும்.

அப்புறம் பேட்டரி பக்கம் பியூஸ் இருக்கிறதா?

ஒண்டிக்கடை வண்டிக்காரன்:
பார்த்தாச்சு. பேட்டரியில் 0.04 வோல்ட், டயோடு நலம். ஆர்சிஏ பிடுங்கினால் அமைதி. போனில் பாட்டு சுத்தமாக வருகிறது. எர்த் வித்தியாசம் 90 மில்லிவோல்ட்.

எர்த் வயரைப் பின்தொடர்ந்தேன். டிக்கி தகட்டில் பெயிண்ட் மேலேயே ஒரு ஸ்குரூவை முறுக்கியிருக்கிறார்கள். வளைய முனையைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது, ஸ்குரூ துரு. உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து நட்டு போல்ட் போட்டேன். வயரையும் ஒரு முழத்துக்குக் குறைத்து, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 6 மில்லிவோல்ட். ஹெட்லைட் போட்டால் மட்டும் காதை ஸ்பீக்கரில் வைத்தால் மெல்லக் கேட்கிறது.

பேட்டரி பக்கம் பியூஸ் இல்லை, ஆம்ப்பில்தான் இரண்டு 25 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது. புரொடெக்ட் மட்டும் இன்னும் எரிகிறது.

செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:
மெல்லக் கேட்பதற்கு ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகைக் கொஞ்சம் இறக்கு, போயிடும். கெயின் என்பது வால்யூம் இல்லை, எல்லோரும் அதை முழுசாகத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். சப் எத்தனை காயில்?

ஒண்டிக்கடை வண்டிக்காரன்:
டபுள் காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டு பிளஸ்ஸையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். மீட்டரில் 1.8 காட்டுகிறது.

மல்டிமீட்டர் 636:
அதுதான். பேரலலில் (பக்கம் பக்கமாகக் கட்டியதில்) 2 ஓம் ஆகிவிட்டது. பிரிட்ஜில் பெரும்பாலான 4 சேனல் ஆம்ப்புக்கு 4 ஓம்தான் கீழ் எல்லை. 2 ஓம் கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் 1 ஓம்மைச் சுமக்கிறது. சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) மாற்றுங்கள், 8 ஓம் வரும்.

செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:
8 ஓம் போட்டால் அடி எங்கே இருக்கும் சார்? அதற்கு 12 இஞ்ச் எதற்கு?

மல்டிமீட்டர் 636:
4 ஓம்மில் வருவதில் ஏறக்குறைய பாதி வாட் கிடைக்கும். காதுக்கு அது 3 டெசிபல்தான், பாதிச் சத்தம் போய்விடாது. நின்றுபோகிற ஆம்ப்பைவிட ஓடுகிற ஆம்ப் மேல்.

செவ்வாய்ப்பேட்டை சவுண்டு:
நான் ஒத்துக்க மாட்டேன். 2 ஓம் தாங்கும் மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப் ஒன்று சப்புக்குத் தனியாகப் போடணும், அதுதான் முறை. காசு வரும்வரை வேண்டுமானால் சீரியஸில் ஓட்டட்டும்.

பியூஸ் விஷயத்தில் மட்டும் சாரோடு நிற்கிறேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 50 ஆம்பியர் பியூஸ் ஒன்று வை தம்பி. வயர் இன்ஜின் ரூமிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கான்னு பார். தகடு வயரை அறுத்தால் ஆம்ப்பில் இருக்கும் பியூஸ் எதையும் காப்பாற்றாது. அது போடும்வரை மலை ஏறாதே.

ஒண்டிக்கடை வண்டிக்காரன்:
ரப்பர் இல்லைண்ணா, வயர் தகட்டில் உரசிக்கொண்டுதான் கிடந்தது. பேட்டரி பிளஸ்ஸைக் கழற்றி டேப் சுற்றிவிட்டேன். பியூஸ் ஹோல்டர் வாங்க நாளைக்கு பஸ்ஸில் கீழே வருகிறேன், எந்தப் பக்கம் கிடைக்கும்?