உபுண்டு 24.04: வைஃபை அடாப்டரே காட்டவில்லை (பிராட்காம் கார்டு)

கேள்வி:
செட்டிங்ஸில் வைஃபை பகுதி "அடாப்டர் இல்லை" என்கிறது. ஆர்எஃப்கில் லிஸ்ட் (வயர்லெஸ் கருவிகளைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் ப்ளூடூத் மட்டும்தான். எல்எஸ்பிசிஐ -என்என்கே (கார்டுகளையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் கட்டளை) கொடுத்தால் பிசிஎம்4352, ஐடி 14ஈ4:43பி1. டிரைவர் என்று பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ் காட்டுகிறதே, பிறகு ஏன் வேலை செய்யவில்லை? லேன் போர்ட்டும் கிடையாது.

பதில் 1:
பிசிஎம்ஏ என்பது கார்டின் பஸ்ஸை (உள் இணைப்பை) பிடித்துக்கொள்ளும் டிரைவர்தான்; வைஃபையை அது ஓட்டாது. பி43 (பிராட்காம் கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவர்) இந்த ஏசி சிப்புக்கு உதவாது, அதனால் ஃபர்ம்வேர் தேடி அலைய வேண்டாம். பிராட்காமின் சொந்த டபிள்யூஎல் டிரைவர் வேண்டும். அதை இறக்க நெட் வேண்டுமே, போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள். பிறகு:
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்
பிசிஎம்ஏ, பி43 இரண்டையும் அந்தப் பேக்கேஜே தடைப்பட்டியலில் போட்டுவிடும். ரீபூட் செய்யுங்கள்.

கேட்டவர்:
போட்டாச்சுங்க. டிரைவரை ஏற்ற மாட்ப்ரோப் டபிள்யூஎல் கொடுத்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்".

பதில் 2:
செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது; நம்பகமான சாவியால் கையொப்பமிடாத டிரைவரை அது ஏற்ற விடாது. இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் "என்ரோல் மாக்" (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது) தேர்ந்தெடுத்து அதைக் கொடுக்க வேண்டும். சில நொடிகளில் எந்த விசையும் அழுத்தாவிட்டால் திரை போய்விடும், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ கொடுத்து மறுபடி ரீபூட் செய்யுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தாலும் ஓடும்.

பதில் 3:
கெர்னல் அப்டேட்டுக்குப் பின் வைஃபை மறுபடி காணாமல் போனால் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள் (புது கெர்னலுக்கு டிரைவர் மாட்யூலை மறுபடி பில்ட் செய்வது டிகேஎம்எஸ்தான்). ஓடும் கெர்னலுக்குரிய லினக்ஸ்-ஹெட்டர்ஸ் பேக்கேஜ் இல்லையென்றால் மாட்யூல் பில்ட் ஆகாது. என்னைக் கேட்டால் கார்டையே மாற்றுவது மேல்: எம்.2 ஸ்லாட் என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210. ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதீர்கள், அது சிஎன்விஐஓ2 (இன்டெல்லின் சில புதிய ப்ராசசர்களோடு மட்டும் ஓடும் இணைப்பு). பழைய போர்டில் ஓடாது.