மண்டபத்துக்கு 60 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப்: ஒரே பவர் சப்ளை போதுமா?

தண்டையார்பேட்டைக்காரன்:
எங்கள் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் ஓரமாக நாலு பக்கமும் ஸ்ட்ரிப் ஓட்டணும், மொத்தம் 60 மீட்டர், பார்த்து வைத்திருக்கிற ரோல் மீட்டருக்கு 14.4 வாட். மேடைக்குப் பின்னால் இருக்கிற ரூமில் பெரிய 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட் லைனை 12 வோல்ட்டாக மாற்றுகிற பவர் சப்ளை பெட்டி) ஒன்றை வைத்து, அங்கிருந்தே எல்லா மூலைக்கும் ஒயர் இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். போன வருஷம் மாடியில் அப்படித்தான் போட்டோம், ஆரம்பத்தில் பளிச்சென்று எரிகிற ஸ்ட்ரிப் கோடிக்குப் போனதும் மங்கிவிடுகிறது. சனிக்கிழமை எலக்ட்ரிகல் கடைகள் இருக்கிற கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போகிறேன், என்ன வாங்குவது?

சர்க்யூட் அண்ணன்:
தம்பி, 12 வோல்ட் வேண்டவே வேண்டாம், 24 வோல்ட் ரோலாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மொத்த லோடு 864 வாட், 12 வோல்ட்டில் அது 72 ஆம்ப்ஸ், அதை ஒரு மூலையிலிருந்து மண்டபம் முழுக்க அனுப்புவதுதான் தப்பு. 5 மீட்டர் ரோல் ஒன்றுக்கு 6 ஆம்ப்ஸ் போகும். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் கிலோமீட்டருக்கு 12 ஓம் ரெசிஸ்டன்ஸ், ரோல் 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 20 மீட்டர், அப்படியென்றால் ஒயரிலேயே கிட்டத்தட்ட 1.4 வோல்ட் போய்விடுகிறது. அதே ரோல் 24 வோல்ட் என்றால் 3 ஆம்ப்ஸ்தான், 0.7 வோல்ட் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் ஒன்றுக்குப் பதில் 350 வாட் எஸ்எம்பிஎஸ் நாலு வாங்கி மூலைக்கு ஒன்றாக வையுங்கள், 230 வோல்ட் லைனை அதுவரைக்கும் கொண்டுபோவது சுலபம். ஒவ்வொன்றுக்கும் மூன்று ரோல், 216 வாட், அறுபது சதவீத லோடில் சூடாகாமல் ஓடும். மூன்று ரோலையும் வால் பிடித்து நீளமாக ஒட்டாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர்.

காசிமேடு வாசி:
அண்ணன் சொன்னது சரி, கூடவே ஒன்று. நம்ம பக்கம் உப்புக்காற்று, ஓட்டை போட்ட தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸை வெளியில் வைத்தால் டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துவிடும். வாசல் வளைவுக்கும் ஸ்ட்ரிப் போடுவதாக இருந்தால் அதற்கு மட்டும் ஐபி67, அதாவது தூசியும் தண்ணீரும் புகாதபடி சீல் வைத்த எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். பெட்டி பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் இருக்கும், சில பீஸ் 115-இலேயே வரும், பார்க்காமல் லைன் கொடுத்து எனக்கு ஒன்று வெடித்தே போனது.

தண்டையார்பேட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. நாலு எஸ்எம்பிஎஸ் அவுட்புட்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், ஒன்று போனாலும் மற்றது தாங்குமா?

சர்க்யூட் அண்ணன்:
கூடாது. வோல்டேஜ் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கிற எஸ்எம்பிஎஸ் மொத்த லோடையும் தன் தலையில் இழுத்துக்கொள்ளும், பிளஸ்கள் எப்போதும் தனித்தனியாகத்தான் இருக்கணும். ஒவ்வொரு ரோலுக்கும் 5 ஆம்ப்ஸ் ஃபியூஸ் போடுங்கள். நாலும் ஒரே சமயத்தில் ஆன் ஆகும்போது இழுக்கிற கரண்டில் எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக அணைகிற மெயின் சுவிட்ச்) டிரிப் ஆகலாம், அதனால் அந்த ஒரு நொடி இழுப்பைத் தாங்குகிற சி கர்வ் எம்சிபி போடுங்கள், முடிந்தால் இரண்டு லைனாகப் பிரித்துவிடுங்கள். சீலிங்கில் பெட்டிக்கு நேர் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு மூடி வைக்கச் சொல்லுங்கள், முகூர்த்த நாளில் ஒன்று போனால் ஜிப்சத்தை உடைக்காமல் மாற்றலாம்.