ரோட்டரி ஃபைல் நுனியில் உடைகிறது, முன்பின் மோடில் வெட்டவே இல்லை: உதவி தேவை

இறுதியாண்டு மாணவி:
வணக்கம். பிடுங்கிய கீழ்க் கடைவாய்ப் பற்களில் ரூட் கெனால் பயிற்சி செய்து வருகிறேன். மீசியல் (முன்பக்க) வேரின் வளைந்த கால்வாயில் 25ஆம் எண் (நுனி 0.25 மில்லிமீட்டர் தடிமன்), 6 சதவீத டேப்பர் (மேலே போகப்போகத் தடிக்கும் அளவு) நிக்கல் டைட்டானியம் ரோட்டரி ஃபைலை, அதாவது மோட்டாரில் சுழன்று கால்வாயைக் குடையும் ஊசியை, நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓட்டினால், நுனியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உடைகிறது. முழுச் சுழற்சியைத் தவிர்த்துப் பார்க்கலாம் என்று அதே ஃபைலை முன்பின் சுழலும் மோடில் வைத்தேன். உடையவில்லை, ஆனால் உள்ளே இறங்கவும் இல்லை. மோட்டார் கெட்டுவிட்டதா? துறை அலமாரியில் பழைய ஜைரோமேட்டிக் ஹேண்ட்பீஸ் (ஃபைலை மாட்டி ஓட்டும் கைப்பிடிக் கருவி) ஒன்று இருக்கிறது. அதுவும் முன்பின்தானே ஆடுகிறது? அதை ஏன் கைவிட்டார்கள், அதே அசைவு ஏன் திரும்பி வந்தது?

எண்டோ ஆசிரியர்:
மோட்டார் நன்றாகத்தான் இருக்கும் அம்மா. முதலில் அந்த மோடை நிறுத்துங்கள். ரெசிப்ராக் போன்ற, முன்பின் அசைவுக்கென்றே செய்த ஃபைல் அமைப்புகளில் கடிகார எதிர்த்திசையில் 150 டிகிரி, கடிகாரத் திசையில் 30 டிகிரி. வெட்டுவது எதிர்த்திசையில், அதற்கான ஃபைல்களின் புரியும் (வெட்டும் திருகு விளிம்பும்) அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும். உங்களுடையது கடிகாரத் திசையில் வெட்டும் ஃபைல். அந்த மோடில் அது வெட்டாது என்பது மட்டுமல்ல, தூளை மேலே கொண்டுவராமல் வேர் நுனியை நோக்கித் தள்ளும்.

ஜைரோமேட்டிக் பற்றி நல்ல கேள்வி. 1889இல் வில்லியம் ரோலின்ஸ் செய்த ஹேண்ட்பீஸ் முழுதாகத்தான் சுழன்றது. ஊசி உடையாமலிருக்க வேகத்தை 100 சுற்றில் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 1928இல் ஆஸ்திரியாவின் டபிள்யூ அண்ட் எச் நிறுவனம் சுழற்சியோடு மேல்கீழ் அசைவையும் சேர்த்தது. 1964இல் வந்த ஜைரோமேட்டிக், இரு பக்கமும் சமமாகக் கால் சுற்று மட்டும் ஆடியது. அசைவை எத்தனை விதமாக மாற்றினாலும் உள்ளே இருந்தது விறைப்பான எஃகு. வளைவில் அது நேராக நிமிரப் பார்க்கும், வெளிச்சுவரைச் சுரண்டி லெட்ஜ் (வழியை மறிக்கும் படி) போடும். அதனால்தான் வளைந்த கால்வாய்களில் அந்தக் கருவி எடுபடவில்லை.

என் கணிப்பில் திருப்புமுனை எந்த மோட்டாரும் அல்ல, 1988தான். வாலியாவும் உடன் ஆய்வாளர்களும் பல் சீரமைப்புக் கம்பியிலிருந்து நிக்கல் டைட்டானியம் கைஃபைல் செய்து காட்டினார்கள். வளைத்தால் வளைந்து, விட்டால் திரும்பும் உலோகம் கிடைத்தபிறகுதான் 1990களின் தொடக்கத்தில் முழுச் சுழற்சி தைரியமாகத் திரும்பியது. 2008இல் யாரெட் என்ற பல் மருத்துவர், முழுச் சுழற்சிக்கான ஒரு சாதாரண புரோடேப்பர் எஃப்2 ஃபைலை 144 டிகிரி முன்னே, 72 டிகிரி பின்னே ஓட்டினார். ஜைரோமேட்டிக்கிலிருந்து இது வேறு: சமமில்லாத அசைவு என்பதால் ஐந்து முறைக்கு ஒரு முழுச் சுற்று முன்னேறும். ஃபைல் முறிகிற கோணத்தை எட்டுமுன்பே திரும்பிவிடும்.

இனி உங்கள் உடைவு. மிச்சத் தண்டை உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லுங்கள். புரி பிரிந்து நீண்டிருந்தால் நுனி சிக்கி முறுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோணலும் இல்லாமல் வெட்டியதுபோல் இருந்தால் களைப்பு: வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அழுந்தி, மாறி மாறி வதைபட்டது.

இறுதியாண்டு மாணவி:
நன்றி சார். பார்த்தேன், உடைந்த இடத்துக்குச் சற்று மேலே புரி பிரிந்து நீண்டிருக்கிறது. அப்படியானால் முறுக்குதானா? கைஃபைலில் 10ஆம் எண் மட்டும் போட்டுவிட்டு நேராக ரோட்டரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

எண்டோ ஆசிரியர்:
முறுக்குதான். 10ஆம் எண் போட்ட கால்வாயில் 25 நுழைந்தால் நுனி கவ்விக்கொள்ளும், தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். கால்வாயின் வாயை முதலில் அகலமாக்குங்கள். அப்புறம் 15ஆம் எண் கைஃபைல் முழு நீளத்துக்கும் தளர்வாகப் போய்வரும்வரை ரோட்டரியைத் தொட வேண்டாம். அழுத்தாமல் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுங்கள். தடை வந்தால் வெளியே எடுத்து, புரியைத் துடைத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, கைஃபைலால் வழி சரிபார்த்துவிட்டு மறுபடி போகலாம். வளைவில் ஒரே இடத்தில் நிறுத்திச் சுழலவிடாதீர்கள், அது களைப்பு உடைவுக்கு நேர்வழி. புரி பிரிந்ததைக் கண்ணால் பார்த்த ஃபைலைக் கழித்துவிடுங்கள்.

கருவி பழுதுபார்ப்பவர்:
டாக்டரம்மா, ஒன்று பார்த்தீர்களா? மோட்டாரில் பதிந்திருக்கும் கியர் விகிதமும் மாட்டியிருக்கும் ஹேண்ட்பீஸின் விகிதமும் ஒன்றுதானா? 16:1 ஹேண்ட்பீஸை மாட்டிவிட்டு 6:1 என்று விட்டிருந்தால், திரையில் 300 காட்டும்போது ஃபைல் ஓடுவது ஏறக்குறைய 112 சுற்றில்தான். வேகம் குறைவதுகூடப் பரவாயில்லை. டார்க் (முறுக்கு விசை) நீங்கள் வைத்த அளவைவிட இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும், சிக்கிய நுனியைக் காப்பாற்ற மோட்டார் நிற்கவே நிற்காது.

இறுதியாண்டு மாணவி:
ஹேண்ட்பீஸின் கழுத்தில் 16:1 என்று இருக்கிறது, மோட்டாரில் 6:1! மாற்றிவிட்டேன். நாளை 15ஆம் எண் வரை கையால் போய்விட்டு, டார்க்கைத் தயாரிப்பாளர் அட்டையில் உள்ளபடி வைத்துப் புது ஃபைலில் தொடங்குகிறேன்.