புதுப்பிப்பு: கரம் போட்டியை நடத்துபவரும் விளையாடலாமா?

கல்லடியில் எங்கள் வாசிகசாலை நடத்தும் கரம் சுற்றுப்போட்டியில் ஏற்பாட்டாளர்களும் விளையாடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. விளையாடலாம், ஆனால் கட்டுப்பாட்டோடு என்று குழு முடிவெடுத்துவிட்டது.

கூடவே கூடாது என்று காத்தான்குடி அண்ணன் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் கவலை நியாயமானது. ஆனால் இங்கே மேசை தூக்குவதும் பவுடர் வாங்குவதும் நன்றாக ஆடுகிற அதே நாலு பேர்தான். அவர்களைத் தடுத்தால் அடுத்த வருடம் போட்டியே நடக்காது.

என்னை உறுத்தியது பலகைதான். ஒரே பலகையில் மாதக்கணக்காக ஆடுபவருக்கு எந்தப் பக்கம் ஸ்ட்ரைக்கர் இழுக்கிறது, எந்தச் சட்டத்தில் பட்டால் காய் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். அதனால் ஏற்பாட்டாளர்களின் ஆட்டங்களுக்கு வேறு சங்கத்துப் பலகையை இரவல் கேட்டிருக்கிறோம். குலுக்கலை வெளியாள் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் எடுப்பார்.

அப்புறம் தீர்ப்பு. சிவப்புக் காயை, அதாவது ராணியை, எடுத்தவர் தன் காயொன்றையும் முறையாகப் போட்டாரா என்பதில்தான் சண்டை வரும். பின்பால் (கண்ணாடி மூடிய மேசையில் இரும்புக் குண்டைத் தட்டி ஆடும் இயந்திர விளையாட்டு) போட்டிகளில் நடத்துபவர்கள் விளையாடுவது சாதாரணம்; தன் ஆட்டத்தைப் பற்றிய சர்ச்சையில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஏற்பாட்டாளர் வென்றால் பணப்பரிசை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. அவரும் நுழைவுக்கட்டணம் கட்டியவர்தானே? அதை வரும் போயா தின (பௌர்ணமி விடுமுறை) கூட்டத்தில் பேசுவோம்.