புதுப்பிப்பு: பித்தவெடிப்புக் களிம்பு இப்போது இளகுவதில்லை

அப்பத்தாவின் பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய், குப்பைமேனிச் சாறு, மஞ்சள்தூள் சேர்த்து வீட்டில் செய்த களிம்பு, காரைக்குடி வெயிலில் எண்ணெயாக இளகி, அடியில் தண்ணீரும் பிரிகிறது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தேன்மெழுகைக் கூட்டச் சொன்ன யோசனைதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். 80 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு, தராசில் நிறுத்துப் போட்டேன். கொதிநீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். பதம் பார்க்க, ஒரு சொட்டைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டு விரலால் அழுத்தினால் போதும். மெழுகுபோல் இறுகி, தேய்த்ததும் வழுக்கிப் பரவ வேண்டும்.

குப்பைமேனிச் சாற்றுக்குப் பதில், நொறுங்கும் அளவுக்கு நிழலில் உலர்த்திய இலையை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டச் சொன்னதும் ரொம்பச் சரி. ஈரமே இல்லாததால் இப்போது தண்ணீர் பிரிவதில்லை.

எதிர்பாராதது மஞ்சள்தூள். அப்பத்தா நடந்த இடமெல்லாம் ஆத்தங்குடிக் கல் தரையில் மஞ்சள் தடம்! அது சிமெண்ட் கல், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மஞ்சளை விட்டுவிட்டோம். இரவில் தடவி, பருத்திக் காலுறை போட்டுவிடுகிறோம். வெடிப்பு நன்றாக மூடிவருகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், வெடிப்பில் ரத்தமோ சீழோ கசிபவர்களும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.