கவிதாவுக்கு பிளேட்லெட் வேண்டாம்

ரமேஷ்: அக்காவை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். பிளேட்லெட் 11,000. டிடிபி என்கிறார்கள்.

பெரியப்பா: அப்படி ஒரு நோயை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மாலா அக்கா: பிளேட்லெட் கொடுக்க என் ஆபீஸில் இரண்டு பேர் தயார். இப்போதே கிளம்புகிறோம்.

விமலா அத்தை: என் நாத்தனாருக்கும் பிளேட்லெட் குறைந்தது. மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. இதற்குப் போய் ஐசியூவா?

பெரியப்பா: வேறு டாக்டரிடம் காட்டுங்கள். ஊரில் ஒருவருக்கும் வராதது நம் பெண்ணுக்கு மட்டும் எப்படி வரும்?

மாலா அக்கா: அப்பா, உங்கள் பல்வலிக்கே நான்கு டாக்டர் பார்த்தோம். இப்போது வேண்டாம்.

சுந்தர் அண்ணா: மாலா, கிளம்பாதே. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: சீக்கிரம் எழுதப்பா.

சுந்தர் அண்ணா: அத்தையின் நாத்தனாருக்கு வந்தது ஐடிபி. அதில் நம் எதிர்ப்புச் சக்தி பிளேட்லெட்டையே அழிக்கும். கவிதாவுக்கு அது அழிப்பது ஆடம்ட்ஸ்13 என்ற என்சைமை. ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் நீண்ட சரமாக வரும். அதை அளவாக நறுக்கும் கத்தரிக்கோல்தான் இந்த என்சைம். கத்தரி இல்லையென்றால் சரம் நீளமாகவே நிற்கும், பிளேட்லெட் எல்லாம் அதில் போய் ஒட்டி, மூளை, இதயம், சிறுநீரகம் என்று எங்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் உறைந்துவிடும். பிளேட்லெட் அங்கேதான் செலவாகிறது. அந்த அடைப்புகளில் உரசிச் சிவப்பணுக்களும் கிழியும். அவள் ஒரு வாரமாக வெளிறிப்போய் இருந்தது அதனால்தான்.

மாலா அக்கா: அப்படியானால் பிளேட்லெட் ஏற்றினால்?

சுந்தர் அண்ணா: உறைவதற்கு இன்னும் கொடுப்பது போல ஆகும். உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தால் மட்டும்தான் ஏற்றுவார்கள். அவளுக்கு வேண்டியது பிளாஸ்மா, அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதி.

பெரியப்பா: ஒரு வாரமா? ஒரு வாரமாக எங்களிடம் ஏன் சொல்லவில்லை சரோஜா?

அம்மா: போன தடவை ஆபரேஷனுக்குச் சொன்னேனே. யார் வந்தீர்கள்?

விமலா அத்தை: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் சரோஜா.

ரமேஷ்: அண்ணா, பெரியப்பா கேட்டதற்கும் சொல்லுங்கள். எவ்வளவு பேருக்கு வரும்?

சுந்தர் அண்ணா: பெரியவர்களில் 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 பேர். ஐடிபி அதைப்போல் பத்து மடங்கு, லட்சத்துக்கே 3 பேர் அளவில் வரும். அதனால் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இதைக் கேள்விப்படவில்லை. ஆனால் அப்பா, ஒரு கோடி பெரியவர்களை எடுத்தால் வருஷத்துக்கு 30 பேர். அந்த 30 வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நாற்பதை ஒட்டிய வயதில் அதிகம். கவிதாவுக்கு 38.

அம்மா: பாப்பாவுக்கும் வருமா?

சுந்தர் அண்ணா: பயப்படாதீர்கள் சித்தி. இது ஒட்டுவாரொட்டியும் இல்லை, அம்மாவிடமிருந்து அப்படியே பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. பிறவியிலேயே என்சைம் குறைந்த வகை ஒன்று உண்டு, அது வேறு. கவிதாவுக்கு வந்த வகை குழந்தைகளுக்கு மிக மிக அபூர்வம். அமெரிக்காவில் ஓக்லஹோமா பதிவேட்டில் ஒரு கோடி குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒன்று என்ற அளவுதான்.

விமலா அத்தை: பாப்பாவை நாளைக்குப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது?

மாலா அக்கா: நான் போகிறேன். மூன்றரைக்கா, நாலுக்கா?

விமலா அத்தை: சனிக்கிழமை பாட்டியின் பிறந்தநாளை என்ன செய்வது? பாட்டிக்கு இன்னும் தெரியாது.

பெரியப்பா: தெரியவும் வேண்டாம்.

சுந்தர் அண்ணா: பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை வருவதற்கு முன் இந்த நோயில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள்.

மாலா அக்கா: அண்ணா! சித்தி படிக்கிறார்கள்.

சுந்தர் அண்ணா: படிக்கட்டும், அடுத்ததையும் சேர்த்து. இப்போது பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் சித்தி. 1991-இல் கனடாவில் செய்த ஆய்வுக்குப் பிறகு இதுதான் முறை. அவளுடைய பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மற்றவர்கள் கொடுத்ததை ஏற்றுவார்கள். என்சைமைத் தாக்கும் கெட்ட ஆன்டிபாடி வெளியே போகும், கத்தரி உள்ளே வரும். தினமும் செய்ய வேண்டும். என்சைம் இயல்பான அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி, ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதனால்தான் வேறு டாக்டர் தேடி நேரத்தை விடாதீர்கள் என்கிறேன் அப்பா.

பெரியப்பா: சரி. நான் என்ன செய்யட்டும்?

சுந்தர் அண்ணா: ஒரு தடவைக்கே இரண்டரை, மூன்று லிட்டர் போகும். ஒருவர் கொடுக்கும் ரத்தத்தில் கால் லிட்டர் பிளாஸ்மா கிடைத்தால் பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலா, உன் ஆபீஸ் ஆட்களை ரத்தம் கொடுக்க அனுப்பு.

மாலா அக்கா: ஐந்து பேராகிவிட்டார்கள்.

அம்மா: சரியான பிறகு திரும்ப வருமா சுந்தர்?

சுந்தர் அண்ணா: சிலருக்கு வருகிறது சித்தி. அதற்காகத்தான் பிறகும் என்சைமை அவ்வப்போது பார்ப்பார்கள். இப்போது இன்றைய இரவைப் பார்ப்போம்.

ரமேஷ்: கழுத்தில் குழாய் போட்டுவிட்டார்கள். மிஷினை உள்ளே கொண்டுபோகிறார்கள். இரவு ஒருவர்தான் இருக்கலாமாம்.

பெரியப்பா: நான் வருகிறேன் சரோஜா. நீ கொஞ்சம் தூங்கு.

அம்மா: வாருங்கள். நானும் இருக்கிறேன்.

விமலா அத்தை: பாட்டி கேட்டால் என்ன சொல்வது?

மாலா அக்கா: மூன்றரையா நாலா, யாராவது சொல்லுங்கள்.